இடது பக்கம் தேய்ந்த பிரஷ்

வீட்டுக்காரர் அவளுக்கு வைத்த பெயர் கலைராணி. கிண்டலுக்கு வைத்த பெயர்தான், ஆனாலும் கூப்பிடும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிடும். படுக்கையறை அலமாரியின் கீழ்த்தட்டு இரண்டும் அவளுடையவை. பன்னிரண்டு விதப் பென்சில், இருபத்துநாலு வண்ணக் குழாய், கனத்த தாள், மெல்லிய தாள், நான்கு வகைப் பசை, வெட்டும் கத்தி, இரும்பு ஸ்கேல், கத்திக்கு அடியில் விரிக்கிற பச்சை ரப்பர் மேட். அங்கே இல்லாத சாமான் கிடையாது. அதை வைத்துச் செய்தது மட்டும் ஒன்றுகூடக் கிடையாது.

சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. அவள் உட்காருவாள். தாளை எடுத்து விரிப்பாள். இவ்வளவு நல்ல தாளில் முதல் கோடு கோணலாகிவிட்டால் என்று தோன்றும். இந்தத் தாளுக்கு இந்த பிரஷ் போதாது என்று அடுத்தபடியாகத் தோன்றும். மறுநாள் நல்ல பிரஷ் வாங்கி வருவாள். அந்த பிரஷுக்கு இந்த வண்ணம் பற்றாது. இப்படியே பதினைந்து வருஷம் ஓடிப்போனது.

உண்மையில் வரைந்தவள் அக்கா. இடது கைக்காரி. அப்பா படுத்த படுக்கையானதும் அவள் வேலைக்குப் போக வேண்டி வந்தது. சேரப் போகிற அன்று காலை, தன் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து தங்கையின் மடியில் வைத்தாள். உள்ளே பாதி கரைந்த வண்ணக் கட்டிகளும் ஒரே ஒரு பிரஷும் இருந்தன. "எனக்கு இனிமே நேரம் கெடைக்காது. நீயாவது வரைடி" என்றாள்.

அன்றிலிருந்து அக்கா போனில் தவறாமல் கேட்பாள், இப்போ என்ன வரையறே என்று. ஒரு ஆறு வரையறேன், இன்னும் முடியல என்பாள் இவள். அடுத்த மாதம் கேட்டால், ஆபீஸ்ல ஒருத்தங்க ஆசையா கேட்டாங்க, குடுத்துட்டேன் என்பாள். வரையாத படங்களை இப்படி ஊர் முழுக்க வாரி வழங்கிய வள்ளல் வேறு யாரும் இருக்க முடியாது.

அக்கா இப்போது ஒரு நூலகத்தின் பொறுப்பாளர். புதிதாகக் கைவேலை பழக வருபவர்களுக்கு என்னென்ன சாமான் வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க அங்கே ஒரு வகுப்பு வைத்தார்கள். "யாரையும் தேட வேணாம், என் தங்கச்சி இருக்கா. பதினஞ்சு வருஷமா பண்றா" என்று அக்கா எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு இவளிடம், "நீ தெனம் வேல செய்யற பெட்டிய அப்படியே தூக்கிட்டு வா, அதுபோதும்" என்றாள்.

தினம் வேலை செய்கிற பெட்டிக்கு எங்கே போவது?

வகுப்புக்கு முந்தின நாள் மத்தியானம் அவள் செய்த கூத்தைச் சொல்ல எனக்கே கூசுகிறது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு புது பிரஷ்களின் கட்டையை உப்புத்தாளால் தேய்த்தாள். வண்ணக் குழாய்களைப் பிதுக்கிப் பாதியைத் தொட்டியில் ஊற்றினாள். தொட்டி நீலமும் சிவப்புமாக ஓடியது. பென்சில்களைச் சீவிச் சீவிக் குட்டையாக்கினாள். பச்சை ரப்பர் மேட்டில் ஒரு கீறல்கூட இல்லை என்று கண்ணில் பட்டதும் கத்தியை எடுத்து மேலும் கீழுமாகக் கீறித் தள்ளினாள்.

தண்ணீர் குடிக்க வந்த வீட்டுக்காரர் பாத்திரம் நிறையக் கிடந்த பென்சில் சீவலைப் பார்த்தார்.

"என்ன கலைராணி, இத தாளிக்கப் போறியா, பொரிக்கப் போறியா?"

"போங்க அந்தப் பக்கம்" என்று எரிந்து விழுந்தாள். அவர் போன பிறகு கைகளைப் பார்த்தாள். பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக விரல் நகத்தில் வண்ணம் ஏறியிருந்தது. அவளுக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பழைய பிரஷையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் அடுக்கி மூடி, எடுத்து வைத்தாள்.

வகுப்புக்குப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். அக்கா கதவோரம் நின்று இடது கையால் வருகைப் பதிவை எழுதிக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை. வகுப்பும் அருமையாகத்தான் போனது. எந்தப் பசை தாளைச் சுருக்கும், எந்தப் பென்சில் கறுப்பாக விழும், எந்தத் தாள் எவ்வளவு தண்ணீர் தாங்கும், எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கரும்பலகையில் மடமடவென்று பட்டியல் எழுதினாள். ஒரு தப்பு இல்லை. பதினைந்து வருஷமாகப் சாமான் டப்பாக்கள்மேல் அச்சடித்ததைப் படித்தவளுக்குத் தப்பு எப்படி வரும்?

முன்வரிசையில் ஒரு பெண் இருந்தாள். அச்சகத்தில் புத்தகம் பைண்டிங் செய்கிறவள். படம் வரையப் பழகலாமென்று வந்திருந்தாள். எல்லாரும் பட்டியலை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் எழுந்து வந்து அந்த ரப்பர் மேட்டைக் கையில் எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பிறகு இவள் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"நான் தெனம் இந்த மாதிரி மேட்லதாம்மா வெட்டறேன். ஸ்கேல் வச்சு வெட்டினா கீறல் நேரா விழும். ஒரே எடத்துல ஆழமா விழும். இது யாரோ கோவத்துல கீறின மாதிரில்ல இருக்கு?"

இவள் மேட்டை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். காது இரண்டும் கொதித்தன.

பைண்டிங்காரி கெட்டவள் இல்லை. இவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் ஐயோ என்று ஆகிவிட்டது. எப்படியாவது தூக்கி நிறுத்த வேண்டுமே என்று பெட்டியைத் துழாவினாள். அடியில் கிடந்த பழைய பிரஷை எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

"இங்க பாருங்க, இதான் வேல செஞ்ச பிரஷ்! முடி எப்படி தேஞ்சிருக்கு பாருங்க. இடது பக்கமா சாஞ்சு தேஞ்சிருக்கு. இடது கையால பல வருஷம் வரைஞ்சாத்தான் இப்படி ஆகும்."

பன்னிரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சுண்ணக்கட்டி அவளுடைய வலது கையில் இருந்தது.

எனக்கு ரெண்டு கைப் பழக்கமும் உண்டு என்று சொல்லியிருக்கலாம். அது நுனி நாக்குவரை வந்தது. கதவோரத்தைப் பார்த்தாள். அக்காவின் பேனா நின்றுவிட்டிருந்தது. அக்காவும் அந்த பிரஷைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது அக்காவோடது" என்றாள். "வேல செஞ்சது அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் நான் நேத்து உக்காந்து தேச்சது. நான் ஒரு படம்கூட வரைஞ்சதில்ல."

யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. தரை பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று நினைத்தாள். தரை இருந்தபடியே இருந்தது. அவமானம் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை இறங்கியது.

அக்கா மெல்ல நடந்து வந்தாள். அத்தனை பேர் முன்னால் திட்டுவாள் என்று இவள் எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"அந்த ஆறு?" என்று கேட்டாள் அக்கா.

"வரையல."

"ஆபீஸ்ல குடுத்தது?"

"யாருக்கும் எதுவும் குடுக்கலக்கா."

அக்கா பிரஷை வாங்கித் தேய்ந்த முனையைக் கட்டைவிரலால் தடவினாள்.

"பென்சில் எடுக்கணும்னு கை துடிக்கிறப்பல்லாம், சரி, அவ வரையறாளேன்னு மனச தேத்திக்குவேன்டி" என்றாள். "நீ வரையறேங்கற தைரியத்துலதான் நான் வரையாமயே இருந்தேன்."

அவளால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தான் கெடுத்தது தன் பதினைந்து வருஷத்தை மட்டுந்தான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு முன்வரிசையில் பைண்டிங்காரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெட்டியிலிருந்து கனத்த தாளில் ஒன்றை உருவி மேஜையில் விரித்தாள். பிரஷ் இடது கைக்கு மாறியது.

"மரம் மாதிரி நிக்காத" என்றாள், நிமிர்ந்து பார்க்காமல். "போய் தண்ணி கொண்டா."