அப்படியே மாற்றித் தரச் சொன்னேன்

என் கொழுந்தன் முகம்மது ஆசிக் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஆத்திரம் தீர நாலு ஏச்சு ஏசிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். நல்ல மனுஷன் நல்லது நினைத்துச் செய்த காரியத்துக்கு என்னத்தை ஏசுவது?

என் வீட்டுக்காரர், நான் மச்சான் என்று கூப்பிடும் கிதிர் முகம்மது, சவூதியில் தம்மாமில் வேலைக்குப் போன இடத்தில் மாரடைப்பில் மவுத்தாகிவிட்டார். அடக்கமும் அங்கேயேதான். துணிமணிகளோடு அவருடைய லேப்டாப் மட்டும் எங்கள் ஊர் அச்சன்புதூருக்கு வந்து சேர்ந்தது. புருஷன் மவுத்தானால் இருக்க வேண்டிய நாலு மாசம் பத்து நாள் இத்தா இருக்கிறேன். முடிகிறவரை வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. கொழுந்தனும் அதில் சேர்த்திதான். எதுவானாலும் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசுவார்.

அந்த லேப்டாப்பில் என் மச்சானின் குறட்டை இருந்தது. சிரிக்க வேண்டாம். கடைசி லீவில் வந்தபோது, சாரல் நேரம், குற்றாலத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தோம். எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டு, பிரியாணியை ஒரு கை பார்த்துவிட்டு, பட்டப்பகலில் அப்படி ஒரு தூக்கம் தூங்கினார். "நான் எங்கட்டி கொறட்டை விடுதேன்? பொய் சொல்லாத" என்று கல்யாணமான நாளிலிருந்து சாதித்த மனுஷன். கையும் களவுமாகப் பிடிக்கிறேன் பார் என்று, பக்கத்தில் திறந்து கிடந்த லேப்டாப்பிலேயே பதிவு செய்தேன். குறட்டை, வெளியே மழை, நடுவில் என் சிரிப்பு, கடைசியில் முழித்துக்கொண்டு "ஏட்டி, என்ன செய்யுத?" என்று அவர் கேட்பது. அவ்வளவுதான் அதில்.

போனில் அவர் குரல் இல்லையா என்றால், இருக்கிறது. சாப்பிட்டியா, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டியாச்சா, கரண்ட் பில் வந்துச்சா. எல்லாம் தூரத்தில் இருக்கிறவர் குரல். பக்கத்தில் படுத்திருக்கிறவரை நான் அந்த ஒரு பதிவில்தான் கேட்க முடியும். இயர்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டால்தான் எனக்குக் கண் அசரும்.

அந்த லேப்டாப் வர வர ஆமையாகிவிட்டது. பாதியில் நின்றுபோகும், தானாக அணைந்துபோகும். அந்தப் பதிவும் போய்விடுமோ என்று மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். மகள் சஃப்ரின் காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறாள்.

"உம்மா, உள்ள இருக்க எஸ்.எஸ்.டி., எல்லாத்தையும் சேத்து வைக்கிற சாமான், போகப் போகுது. புதுசு மாத்தணும். க்ளோன் பண்ணினா வீட்டுச் சாமானம் பூராவும் தூசி தும்போட அப்படியே புது வீட்டுக்கு வந்துரும். க்ளீன் இன்ஸ்டால்னா வெறும் வீடு, வெள்ளையடிச்சது. எது வேணும்?"

"தூசி தும்போடயே வரட்டும்டி. ஒரு துரும்பு கொறையக் கூடாது."

அந்தப் பதிவை மட்டும் போனில் ஏற்றித் தா என்று மகளிடம் கேட்டிருக்கலாம். என்னவென்று கேட்பாளே! வாப்பாவின் குறட்டையை வைத்துக்கொண்டு படுக்கிறேன் என்று வயசுப் பிள்ளையிடம் எந்த உம்மா சொல்லுவாள்? கொழுந்தனிடம் சொல்லுவது அதைவிடக் கேவலம். தென்காசிக்குப் போகிறேன் என்று அவர் வந்தபோது, "அப்படியே மாத்தித் தரச் சொல்லுங்க தம்பி" என்று மட்டும் கதவிடுக்கில் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் அதே கதவிடுக்கில் லேப்டாப் வந்தது. திறந்த வேகத்தில் ஓடியது. புதுப் படம், புது நிறம். எந்த மொழி வேண்டும் என்று என்னையே கேட்டது. சஃப்ரின் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"சாச்சா, அப்படியே மாத்தத்தான சொன்னோம்?"

"கடைக்காரரு க்ளீனாப் போட்டாத்தான் நல்லா ஓடும்னாரு. போட்டோ, பாஸ்போர்ட்டு, இன்சூரன்ஸ் பேப்பரு எல்லாம் பென்டிரைவுல தனியா வாங்கிட்டேன்."

"பழைய எஸ்.எஸ்.டி. எங்க? அத குடுங்க, போதும்."

"அந்தா கவர்ல இருக்கு. ஆனா பயப்படாத, அதுல ஒண்ணுமில்ல. நம்ம வீட்டுப் பொம்பளைய படமெல்லாம் இருந்துச்சுல்லா, நாளைக்கு எவன் கையிலயாவது சிக்குனா? பக்கத்துலயே நின்னு சுத்தமா அழிக்கச் சொல்லிட்டேன்."

சஃப்ரின் கடைக்குப் போன் போட்டாள். அப்படி அழித்தது திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். மதினி மானம், அண்ணன் மகள் மானம் என்று பாடுபட்டு, காவல்காரன் மாதிரி நின்று அழித்துவிட்டு வந்திருக்கிறார். அதற்கு நான் என்ன செய்ய? வாய்விட்டு அலறிவிட்டேன். மச்சான் மவுத்துச் செய்தி வந்த அன்றுகூட நான் அப்படி அலறவில்லை.

"மதினி, என்னாச்சு? அப்படி என்ன இருந்துச்சு அதுல? சொல்லுங்க, எங்கயாவது அலைஞ்சு வாங்கிட்டு வாரேன்."

"எங்க போய் வாங்குவிய? ஒங்க அண்ணன் கொறட்டை விடுத சத்தம். அதான் இருந்துச்சு. போதுமா?"

சொல்லியேவிட்டேன். வெட்கமாவது ஒன்றாவது. சஃப்ரின் சிரிப்பாள் என்று பார்த்தேன், வாயைப் பொத்திக்கொண்டு என் மடியில் விழுந்துவிட்டாள். கொழுந்தன் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.

"மதினி" என்றார். "அண்ணன் மொகத்த நான் பாக்கல. ஒரு பிடி மண்ணு போடல. சின்னதுல ஒரே பாயிலதான் படுப்போம். கொறட்ட தாங்காம முதுகுல மிதிப்பேன். எனக்கும் ஒரே ஒரு தடவ போட்டுக் காட்டியிருக்கலாம்லா?"

நாக்கு நுனிவரை வந்த ஏச்சு அங்கேயே நின்றுவிட்டது. கதவில் சாய்ந்து அவர் தரையில் உட்காருவது கேட்டது. நானும் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். திறந்து ஒரு ஆறுதல் சொல்லவும் எனக்கு வழியில்லை.

"கடைசியில விசில் மாதிரி ஒண்ணு வருமே, மதினி. அது இருந்துச்சா அதுல?"

"இருந்துச்சு தம்பி" என்றேன். "விசில் மாதிரிதான் முடியும்."