டீக்குள் ஒரு ஸ்க்ரூ

1

இந்தக் கதை என் வாய்க்குள் தொடங்கியது. மற்ற எழுத்தாளர்களுக்குக் கதை நெஞ்சில் கருக்கொண்டு நெடுநாள் கனக்குமாம், பேட்டிகளில் சொல்கிறார்கள். எனக்குப் பல்லில் தட்டுப்பட்டது. அடுத்த வீட்டு ரத்தினவேல் வீட்டில் கொடுத்த டீயைக் கடைசி மடக்கு குடித்தபோது நறுக்கென்றது. எடுத்துப் பார்த்தேன். ஒரு ஸ்க்ரூ. கறுப்பு நிறம், நட்சத்திரத் தலை, ஏலக்காய் வாசனை.

அது எந்த வண்டியின் ஸ்க்ரூ, என் டீக்குள் எப்படி வந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்லிவிடுவேன். மூன்றாவதாக ஒரு கேள்வி உங்களுக்கு வரும். அதற்குத்தான் சொல்ல மாட்டேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஆதி மனிதன் நெருப்பைக் கண்டான். நவீன மனிதனோ குளிர்ச்சியைத் தேடி

[நிறுத்திவிட்டேன். நான் எதை எழுத உட்கார்ந்தாலும் இந்த ஆதி மனிதன் எனக்கு முன்னால் போய் இடம் பிடித்துக்கொள்கிறான்.]

பிறகு இப்படி:

மணிமுத்தாறு வற்றிக் கிடந்தது. பழமலைநாதர் கோயில் கோபுரத்தில் புறாக்கள்

[விருத்தாசலத்துக் கதையில் ஆறும் கோபுரமும் இல்லாவிட்டால் பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கொரு பயம். ஆனால் இந்தக் கதை பெரும்பாலும் ஒரு காரின் டேஷ்போர்டுக்குப் பின்னால் நடக்கிறது. புறாக்களை நானே திருப்பி அனுப்பினேன்.]

மூன்றாவது தொடக்கம்:

பெரியநாயகிக்கு வேர்க்கும்.

இது நிற்கிறது. இதை வைத்துக்கொள்கிறேன்.

3

கத்திரி வெயிலில் ஊருக்கே வேர்க்கும். ரத்தினவேலின் மனைவி பெரியநாயகிக்கு உறவுக்காரர்கள் முன்னால் வேர்க்கும். அதுதான் சங்கடம்.

புதுச்சேரியில் இருக்கும் அவருடைய அக்கா பானுமதி வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் பெரியநாயகி பஸ்ஸில்தான் போய் இறங்குவார். பட்டுச்சேலை முதுகில் ஒட்டியிருக்கும். பவுடர் கோடு கோடாகக் கழுத்துக்கு வந்திருக்கும். பானுமதி வாசலில் நின்று எல்லோருக்கும் சந்தனம் கொடுப்பார். தங்கைக்கு மட்டும் டவல் கொடுப்பார். "மூஞ்ச தொடச்சிக்கடி" என்று அன்பாகத்தான் சொல்வார், தெருக்கோடி வரைக்கும் கேட்கிற அன்பு.

போன வருடம், அதாவது இரண்டாயிரத்து ஏழில், ரத்தினவேல் ஒரு பழைய கார் வாங்கினார். வாங்கும்போது அதில் ஏசி ஓடியது. கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். வழக்குக்குப் பயந்து அல்ல. ரத்தினவேல் அதை விற்கப் பார்க்கிறார், விலை இறங்கிவிடும். அக்கா மகன் பிரவீன்குமாருக்கு மே மாதம் கல்யாணம் என்று நிச்சயமான அன்றே பெரியநாயகி ஒன்று சொல்லிவைத்தார். "ஒரு தடவ. ஒரே தடவ நான் வேர்க்காம போயி எறங்கணும்."

அந்த வாரமே ஏசி நின்றுவிட்டது.

4

ரத்தினவேல் எப்படிப்பட்டவர் என்று சொல்ல வேண்டும். இவரை நம்பலாமா என்று எனக்கே சந்தேகம். இப்படி ஒரு ஆளைக் கற்பனையில் படைத்திருந்தால் 'மிகை' என்று நானே அடித்திருப்பேன்.

பீங்கான் கம்பெனி ஒன்றில் சூளைக்கு சூப்பர்வைசர். ஏசி நின்றதும் முதலில் பார்த்தவர் மங்கலம்பேட்டை மெக்கானிக் சாதிக் பாய், துபாயில் ஏசி வேலை பார்த்துத் திரும்பியவர். வண்டியைப் பார்த்துவிட்டு, கூலிங் காயில்* ஓட்டை, கேஸெல்லாம் எப்போதோ போய்விட்டது, டேஷ்போர்டைக் கழற்றணும், வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார். ரத்தினவேலுக்கு அது அவமானமாகப் போய்விட்டது.

"ஆயிரத்தி இருநூறு டிகிரிய அடக்கி வச்சிருக்கவன் சார் நானு. இந்தத் துக்குனூண்டு குளுர வர வைக்க எனக்குத் துபாயா வேணும்?"

சூட்டை அடக்கத் தெரிந்தவனுக்குக் குளிர் தானாகக் கைவரும் என்பது அவருடைய தத்துவம். தத்துவத்தில் ஓட்டை இருப்பது வெளியே தெரியாது. அந்த வகையில் அதுவும் கூலிங் காயில் மாதிரிதான்.

(* டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சின்ன அலுமினியத் தகட்டுப் பொட்டலம். குளிர்காற்று இதன் வழியாகத்தான் வருகிறது. இதன் உண்மையான பெயர் எவாப்பரேட்டர். ரத்தினவேல் என்னிடம் 'காயில்' என்பார். மைத்துனர்கள் இருந்தால் 'எவாப்பரேட்டர்' என்பார்.)

5

புதுக் காயில் சென்னையிலிருந்து பஸ் பார்சலில் வந்தது. வழிமுறை பிரவுசிங் சென்டரில் அச்செடுத்து வந்தது. அது அமெரிக்க வண்டிக்கானது, ஸ்டியரிங் இடப்பக்கம் என்று நான்தான் கண்டுபிடித்துச் சொன்னேன். அவர் அசரவில்லை.

"கண்ணாடியில பாக்கற மாதிரி நெனச்சிக்கணும் சார். அவ்ளோதான்."

கண்ணாடியில் பார்க்கிற மாதிரி நினைத்துக்கொண்டே தோட்டத்தில், முருங்கை நிழலில், காரைப் பிரித்தார். கைக்கு அடங்குகிற அந்த ஒரு பொருளை எடுப்பதற்காக ரேடியோ வந்தது, ஸ்டியரிங் இறங்கியது, சாமி படம் வந்தது, டேஷ்போர்டு முழுசாக வெளியே வந்து முருங்கைக்குக் கீழே முதலை மாதிரி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. கடைசியில் பழைய காயில் வந்தபோது அதன் இடுக்கெல்லாம் வெள்ளையாக அடைத்துக்கொண்டிருந்தது. பீங்கான் மண். ரத்தினவேல் சுரண்டி, விரலில் தேய்த்துப் பார்த்து, தொழிற்பேட்டையில் எந்தக் கம்பெனியின் மண் என்று சொல்லிவிட்டார். அவ்வளவு நேரத்தில் அவர் உறுதியாகச் சொன்ன ஒரே விஷயம் அது.

பிரிப்பதில் அவர் ஒழுங்கானவர், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். விருத்தாசலத்தில் கப்புக்குப் பஞ்சமில்லை. சூளையில் கோணியது, காது வளைந்தது, பூச்சு வழிந்தது எல்லாம் சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்துவிடும். ஒவ்வொரு இடத்து ஸ்க்ரூவையும் ஒவ்வொரு கப்பில் போட்டார். கப்பின் மேல் மார்க்கர் பேனாவால் எழுதினார்: 'ரேடியோ மேலே'. 'ஸ்டியரிங் கீழே'. 'இடது டேஷ், உள்'. வீட்டிலிருந்த அத்தனை கப்பும் தோட்டத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன, பந்தியில் இலை போடக் காத்திருப்பவர்கள் மாதிரி.

[இந்த உவமையை நீக்கலாமா என்று யோசித்தேன். அடுத்த பகுதிக்கு வேண்டியிருக்கிறது. இருக்கட்டும்.]

6

அடுத்த பகுதியில் பந்தி வந்துவிட்டது.

பானுமதியும் அவர் கணவர் பாண்டியனும் சம்பந்தி வீட்டாருமாக ஒரு வேன் ஆட்கள், சொல்லாமல் கொள்ளாமல் பத்திரிகை வைக்க வந்தார்கள். எனக்கும் ஒரு பத்திரிகை உண்டு என்று ரத்தினவேல் வேலிக்கு மேலாகக் கூப்பிட்டார். போனேன். எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம். ரத்தினவேல் கையைத் துடைத்துக்கொண்டு எவாப்பரேட்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் டீ வந்தது.

கப்பில் வந்தது.

ரத்தினவேலின் பேச்சு பாதியில் நின்றதை அன்றுதான் பார்த்தேன். தட்டில் வருகிற கப்புகளைப் பார்த்தார். பின்கட்டு வாசல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்தார். அங்கே ஒரு முறத்தில், புடைக்க வைத்த உளுந்து போல, காரின் மொத்த ஸ்க்ரூக்களும் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

பாண்டியன் நிதானமான மனிதர். கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "இன்னா சகல, கப்புல 'ஸ்டியரிங் கீழே'ன்னு போட்டிருக்குது?"

கூடமே ரத்தினவேலைப் பார்த்தது. அவருக்கு ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் தேவைப்பட்டது.

"டிசைனு. எக்ஸ்போர்ட் மாடல்."

பாண்டியன் மரியாதையாகத் தலையசைத்துக் குடித்தார். என் கப்பில் 'இடது டேஷ், உள்' என்று இருந்தது. அதைக் கவிழ்த்தபோது ஒன்று அடியில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதைத்தான் நான் கடித்தேன்.

[முதல் இரண்டு கேள்விகளும் தீர்ந்தன. அவசரக்காரர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.]

7

ஆனால் ஒரு சிக்கல். எந்தத் தமிழ் வீட்டில் எவர்சில்வர் டம்ளர் இல்லை? பெரியநாயகி ஏன் டம்ளரில் கொடுக்கவில்லை? வாசகர் கேட்பார். நானும் கேட்டுக்கொண்டேன்.

எனக்கு ஒரு அருமையான விடை கிடைத்தது: அவர் வேண்டுமென்றே ஸ்க்ரூக்களைக் கொட்டினார். கணவர் தோற்றுப்போய்ச் சாதிக் பாயிடம் வண்டியைக் கொடுக்கட்டும் என்று திட்டம் போட்டார். இதை வைத்து இரண்டு பக்கம் எழுதினேன். 'அவள் விழிகளில் ஒரு மர்மப் புன்னகை' என்றுகூட ஒரு இடத்தில் வந்துவிட்டது. களைப்பில் இருந்தேன், மன்னிக்கவும். எழுதியதை அவரிடமே படித்துக் காட்டினேன்.

பெரியநாயகி அரிசி களைந்துகொண்டே கேட்டார். மர்மப் புன்னகை வந்த இடத்தில் என்னை நிமிர்ந்து பார்த்தார். அதில் மர்மம் எதுவும் இல்லை.

"டம்ளர்ல குடுத்தா எங்கக்கா இன்னா சொல்வா தெரியுமாண்ணே? 'கப்பு கம்பெனிக்காரன் வூட்டுல ஒரு கப்புக்கு வழியில்ல'ம்பா. சம்பந்திங்க முன்னாடியே சொல்வா. கார் கெடக்குது காரு."

இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். திட்டமாவது மண்ணாவது. கணவருக்கு எவாப்பரேட்டர், மனைவிக்குக் கப்பு. வீறாப்பில் இரண்டு பேருக்கும் பத்துப் பொருத்தமும் இருந்தது. நான்தான் ஒருவரைக் கோமாளியாகவும் இன்னொருவரைத் தந்திரக்காரியாகவும் பிரித்து வைத்திருந்தேன்.

8

முறத்து ஸ்க்ரூக்களை வைத்து ரத்தினவேல் வண்டியைச் சேர்த்தார். எப்படி என்று கேட்காதீர்கள். ஓட்டை இருந்த இடத்தில் எது இறங்கியதோ அதை இறக்கினார். இறங்காததை இன்னும் கொஞ்சம் பலமாக இறக்கினார். ஒன்றுகூட மிச்சமில்லை என்று தெருவுக்கே அறிவித்தார். நான் சட்டைப் பையிலிருந்து என்னுடையதை எடுத்து நீட்டினேன்.

அவர் அதை வாங்கக்கூட இல்லை. "நம்ம வண்டிது இல்ல சார் இது."

"ஒங்க வூட்டு டீயில கெடந்துதுங்க."

"டீத்தூளுல வந்திருக்கும். இப்பல்லாம் கலப்படம்."

கேஸ் மட்டும் வீட்டில் நிரப்ப முடியாது என்பதை அச்செடுத்த தாளின் கடைசிப் பக்கத்தில் கண்டுபிடித்தார். ஆகவே, யார் வேண்டாம் என்று இத்தனை பாடோ, அந்தச் சாதிக் பாயே கல்யாணத்துக்கு முதல் நாள் சிலிண்டரோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். நிரப்பினார். குளிர்காற்று வந்தது. பெரியநாயகி முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சாதிக் பாய் மட்டும் இடப்பக்க டேஷ்போர்டில் காதை வைத்துக் கேட்டார்.

"இப்ப கூலிங் வருது. பாண்டி வரைக்கும் வருமான்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு ஜாயின்ட்டு கொஞ்சம் யோசன பண்ணுது."

9

கல்யாணத்தன்று காலை வண்டி தெருவைத் திரும்புவதை நான் பார்த்தேன். பத்திரிகை இருந்தும் நான் போகவில்லை. இன்னொரு டீக்குத் துணிவில்லை. இடப்பக்கத்தில் எதுவோ கிடுகிடுவென்று ஆடியது. எது என்று எனக்குத் தெரியும். கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன. ஆனால் இது எதற்கும் சாட்சியாகாது. ஏசி நின்றாலும் ரத்தினவேல் கண்ணாடியை இறக்குகிற ஆள் இல்லை.

முடிவு (அ): ஏசி கடைசி வரைக்கும் ஓடியது. ரத்தினவேலின் தத்துவம் வென்றது. [இந்த முடிவை அவர் பார்த்தால் அடுத்து என் வீட்டு ஃபிரிட்ஜைக் கழற்ற வருவார்.]

முடிவு (ஆ): பண்ருட்டி தாண்டும்போதே ஜாயின்ட் யோசனையை முடித்துவிட்டது. மீதி வழியெல்லாம் ஏற்றிய கண்ணாடிக்குள் கத்திரி வெயில். [இது இலக்கியத்தரமானது. பரிசு கிடைக்கும். பெரியநாயகிக்கு வேர்க்கும்.]

இரண்டையும் எடுத்துக்கொண்டு, எது நடந்தது என்று பெரியநாயகியிடம் கேட்கப் போனேன். அவர், இது எந்தப் பத்திரிகையில் வரும் என்று திருப்பிக் கேட்டார். சொன்னேன்.

"அத எங்கக்கா மாசாமாசம் வாங்கறா. ஏசி ஓடிச்சா இல்லியான்னு மட்டும் போட்டுடாதீங்கண்ணே."

அப்படியென்றால் கதைக்கு முடிவு வேண்டாமா என்று கேட்டேன்.

"மண்டபத்து வாசல்ல எங்கக்கா டவல எடுத்துக்கினு நின்னா. நான் எறங்கனேன். ஏற எறங்கப் பாத்தா. டவல மடிச்சி கக்கத்துல வச்சிக்கினு, சந்தனம் குடுத்தா." அரிசிப் பானையை இறக்கி வைத்தார். "இதுக்கு மேல முடிவு இன்னா வேணும் ஒங்களுக்கு?"

10

மண்டபத்துக்குக் கொஞ்சம் முன்னால், பெட்ரோல் பங்க் பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை

[கம்போஸ் செய்பவர் கவனத்துக்கு: மேலே உள்ள வரியை அடித்துவிட்டேன். அச்சில் வரக் கூடாது. தயவுசெய்து மறந்துவிட வேண்டாம்.]

ஸ்க்ரூ என் மேசையில் இருக்கிறது. (அ)வோ (ஆ)வோ, எதை வேண்டுமானாலும் வாசகர் தம் பொறுப்பில் முறுக்கிக்கொள்ளலாம். இறங்காவிட்டால் இன்னும் கொஞ்சம் பலமாக.

பானுமதியம்மா, நீங்களும் படித்துக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும். உங்களுக்கு மட்டும் ஒன்று உறுதியாகச் சொல்கிறேன்.

அந்தக் கப்பு எக்ஸ்போர்ட் மாடல்தான்.