விமர்சனத்தின் கடைசி வரி

"இந்தப் பக்கம் மட்டும் வேண்டாம்" என்று மிலொராட் சொன்னபோது நேசமலர் அதில் பாதியைத் தட்டச்சு செய்துவிட்டிருந்தாள்.

ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்குவேர் ரயில் நிலையத்துக்கு எதிரேயிருந்த ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு வேலை. மிலொராட் தன் நாட்டுத் தலைநகரான பெல்கிரேடில் இருபது வருடம் ராக் இசை விமர்சகராக இருந்தவர். அவர் எழுத்தால் பெயரெடுத்த குழுக்களும் உண்டு, கலைந்துபோனவையும் உண்டு. இங்கே பேக்கரி வேன் ஓட்டினார். சனிக்கிழமைகளில், தன் நாட்டு இசைக்குழுக்களைப் பற்றிய புத்தகத்தை ஆங்கிலத்தில் கையால் எழுதிக் கொண்டுவருவார். அது 1999 ஏப்ரல். கடைத் தொலைக்காட்சி பெல்கிரேடில் குண்டு விழுவதைக் காட்டியது. அவர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

அவர் வேண்டாமென்ற பக்கத்தில் ஒரு சிற்றூர்க் குழுவைப் பற்றி 1988இல் அவர் எழுதிய விமர்சனம் இருந்தது. கடைசி வரி இது: 'அந்தப் பையன் கையிலிருந்து கிட்டாரைப் பிடுங்கிவிட்டு வேறு எதையாவது கொடுங்கள்.' குழு ஒரே மாதத்தில் கலைந்தது. மூன்று வருடம் கழித்துப் போர் மூண்டபோது ராணுவம் அவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்தது. அவன் திரும்பி வரவில்லை.

"நான் எழுதியதால் அவன் சாகவில்லை" என்றார் மிலொராட். அவள் எதுவும் கேட்டிருக்கவில்லை. "ஆனால் பாடிக்கொண்டிருந்த சிலர் கச்சேரிக்கென்று வெளிநாடு போய்த் தப்பித்தார்கள்."

சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து, அவளுக்காக ஆங்கிலத்தில் சொன்னார். புத்தகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பையனின் தாய் எழுதியிருந்தாள். என் மகனை உங்கள் புத்தகத்திலிருந்து விட்டுவிடாதீர்கள். நீங்கள் எழுதியதை அப்படியே போடுங்கள். அவன் பெயர் பத்திரிகையில் வந்தது அந்த ஒரு தடவைதான்.

"கொஞ்சம் நல்லவிதமாக மாற்றி எழுதிக்கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் கணவன் செல்வராஜாவிடம் சொன்னாள்.

"அந்தாளின்ர பாவத்தை நீர் ஏன் ரைப் அடிக்கிறீர்?" என்றான் அவன், சோற்றைப் பிசைந்தபடி.

"அந்தத் தாய் ஏன் கேக்கிறா எண்டு உங்களுக்கு விளங்கேல்லையே? உங்கட அம்மா பைபிளுக்குள்ள என்னத்தை வச்சிருக்கிறா?"

யாழ்ப்பாணத்தில் காணாமல்போன அவன் தம்பியின் பெயரும் ஒரே ஒரு தடவைதான் பத்திரிகையில் வந்தது: பள்ளி ஓட்டப்போட்டியில் பாதியில் விழுந்தவன் என்று. அம்மா அதைக் கத்தரித்து வைத்திருந்தாள். செல்வராஜா எழுந்து கை கழுவப் போனான். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை மிலொராட் புதுத் தாளோடு வந்தார். 'நம்பிக்கை தரும் விரல்கள்' என்று அதில் எழுதியிருந்தார். நேசமலர் படித்துவிட்டு அதை அவர் பக்கமாகத் தள்ளினாள்.

"அந்த அம்மாவிடம் பழையது இருக்கும். இதைப் பார்த்தால், இதுவும் பொய், அதுவும் பொய் என்று நினைப்பார்."

 அவர் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "பழையதையே அடியுங்கள்" என்றார்.

அவள் முடிக்கும்வரை அவர் மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றார். கடைசி வரியை அடித்தபின், "இந்தப் பெயரை எப்படிச் சொல்வது?" என்று திரையில் பையனின் பெயரைக் காட்டிக் கேட்டாள். "நெபோஜ்சா?"

"நெபோய்ஷா."

"நெபோஷா."

"நெபோய்ஷா" என்றார் மறுபடியும், தேவைக்குமேல் உரக்க. நகலெடுக்க வரிசையில் நின்ற பெண்ணொருத்தி திரும்பிப் பார்த்து, உதட்டுக்குள்ளேயே அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தாள்.