காத்து கம்மி

ரஷீத் அஹமதுவின் வலது கட்டைவிரலைத் தெரியாதவர்கள் ஆம்பூரில் இருக்கலாம். அவர் வேலை பார்த்த ஷூ கம்பெனிக்குள் இருக்க வாய்ப்பில்லை. பதப்படுத்திய தோல் மேசைக்கு வந்ததும் பாய் அதன் வயிற்றுப் பக்கம் ஒரு அமுக்கு, முதுகுப் பக்கம் ஒரு அமுக்கு அமுக்குவார். "ஏ" என்பார், "பி" என்பார், பிடிக்காவிட்டால் "தள்ளு" என்பார். எதிரே நிற்கும் சுந்தரமூர்த்தி அதைத் தோலின் பின்பக்கம் சாக்பீஸால் எழுதுவார். அந்த எழுத்தை நம்பித்தான் தோல் கத்திக்குப் போகும், ஷூவாகும், கப்பலேறும்.

விரலின் கீர்த்தி தோலோடு நிற்கவில்லை. பக்ரீத் ஆடு பிடித்தாலும், கல்யாணத்துக்கு மெத்தை எடுத்தாலும், தர்ப்பூசணி வாங்கினாலும், "பாய், ஒரு அமுக்கு அமுக்கிச் சொல்லுங்க" என்று வந்து நிற்பார்கள். மெத்தைக் கடைக்காரர் இவர் தலையைக் கண்டால் முதலில் டீ சொல்லிவிட்டு அப்புறம்தான் சலாம் சொல்வார்.

அப்பேர்ப்பட்ட விரல் போன நோன்புக்கு முன்பே செத்துவிட்டது. அது பாய் ஒருவருக்குத்தான் தெரியும்.

எல்லாம் சர்க்கரை செய்த வேலை. வேலூர் டாக்டர் கண்ணை மூடச் சொல்லி ஊசியால் காலிலும் கையிலும் விரல் விரலாகத் தொட்டு, "இப்ப எந்த விரல்?" என்று கேட்டார். பாய் தைரியமாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாம் தப்பு. "காலைத் தினமும் பாத்துக்குங்க, செருப்பில்லாம நடக்காதீங்க" என்றார் டாக்டர்.

"கை?"

"சூடான பாத்திரத்தைத் தொடாதீங்க, போதும். என்ன வேலை பாக்கறீங்க?"

"தோல் வேலை" என்றார் பாய். டாக்டர் தலையாட்டினார். பாயும் தலையாட்டிவிட்டு பஸ் ஏறினார். வீட்டில் மனைவி பில்கிஸிடம் சர்க்கரையைச் சொன்னார், விரலைச் சொல்லவில்லை.

அவருக்கு முன்னால் அதே மேசையில் நின்றவர் ஹயாத் பாஷா. கண் மங்கியதும் கம்பெனி அவரை மரியாதையோடு பேக்கிங்குக்கு மாற்றிவிட்டது. ஷூவின் மூக்குக்குள் காகிதம் திணிக்கிற வேலை. உட்கார நாற்காலி கொடுத்தார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் அன்பாக நலம் விசாரித்தார்கள். பாய்க்குக் காகிதம்கூடப் பரவாயில்லை, அந்த அன்பைத்தான் தாங்க முடியாது என்று தோன்றியது.

அதனால் தோலைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்கினார். கன்னத்துக்கு இன்னும் உயிர் இருந்தது. "பாய் புது டெக்னிக் புடிச்சிட்டாரு" என்று மற்ற மேசைக்காரர்களும் கன்னத்தில் தேய்க்க ஆரம்பித்தார்கள். ஒருத்தனுக்கு முகமெல்லாம் அரிப்பு வந்தது. அப்போதும் அவன் விடவில்லை.

ஆனால் கன்னம் வழவழப்பைத்தான் சொல்லும். உள்ளே பிடிப்பு இருக்கிறதா, தொளதொளப்பா என்று சொல்லாது. சொல்லாத இடத்தில் பாய் அந்த மேசையின் பழைய சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்: சந்தேகம் வந்தால் தள்ளு. நல்ல தோலைத் தள்ளினால் முதலாளிக்கு நஷ்டம், கெட்ட தோலை விட்டால் தரம் பிரிக்கிற செலக்டருக்கு மானக்கேடு. கழிவு ஜாஸ்தியானது. "பாய் இப்பல்லாம் ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்று ஆபீஸில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

இந்த நிலையில்தான் மடக்கு சைக்கிள் வந்தது.

லேபுக்குப் புதிதாகச் சேர்ந்த ரோஷினி அதன் சொந்தக்காரி. காட்பாடியில் ரயிலேறும்போது சைக்கிளை மடித்துக் காலடியில் வைத்துக்கொள்வாள். ஆம்பூரில் இறங்கி, விரித்து, கம்பெனிக்கு மிதித்து வருவாள். சக்கரங்கள் பிரியாணி அண்டாவின் மூடி அளவுதான் இருக்கும். அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் கேட் பக்கத்து வேப்பமர நிழலில் சைக்கிளை நிறுத்தி, பையிலிருந்து பம்பை எடுத்தாள். பம்பின் அடியில் ஒரு மீட்டர் இருந்தது. ஆம்பூரில் ஒரு பெண் காற்றடித்தால் ஆண்கள் சும்மா இருக்க மாட்டார்கள். வாட்ச்மேன் நந்தகோபால் பம்பைப் பிடுங்கிக்கொண்டார். பத்துப் பேர் யோசனை சொல்லச் சூழ்ந்தார்கள்.

"சின்ன சக்கரம்ணா, காத்து கொஞ்சம் ஜாஸ்தியே வேணும். ஆனா முள்ளு இந்த சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது" என்றாள் ரோஷினி.

"முள்ளு கெடக்குது. பாய் இருக்கும்போது மீட்டரு இன்னாத்துக்கு?" என்றார் நந்தகோபால். "பாய்! இங்க வந்து ஒரு அமுக்கு அமுக்குங்க!"

பாய் கை கழுவிக்கொண்டிருந்தார். காது கேட்காத மாதிரி இருந்து பார்த்தார். ஆள் அனுப்பிக் கூட்டிவந்தார்கள்.

குனிந்து டயரை அமுக்கினார். கல்லோ பஞ்சோ, ஒன்றும் தெரியவில்லை. கன்னத்தை வைத்துப் பார்க்கலாமா என்று ஒரு கணம் நினைத்தார். அந்த டயரில் ஆம்பூர் பஜாரே ஒட்டியிருந்தது. கூட்டம் அவர் வாயையே பார்த்தது. சந்தேகம் வந்தால் தள்ளு.

"காத்து கம்மி" என்றார்.

நந்தகோபால் அடித்தார். முள் கோட்டில் வந்து நின்றது.

"சார், போதும்னு நினைக்கிறேன்" என்றாள் ரோஷினி.

"பாய் இன்னும் பாஸ் பண்ணலமா" என்றது கூட்டம்.

பாய் மறுபடி அமுக்கினார். இப்போதாவது 'சரி' என்று சொல்லிவிடலாம். ஆனால் சரியில்லாததைச் சரி என்று சொன்னால் இத்தனை பேர் எதிரில் மாட்டிக்கொள்வோம். வாய் தானாகச் சொன்னது: "இன்னும் கொஞ்சம்."

முள் கோட்டைத் தாண்டியது. டயர் ஓரிடத்தில் லேசாகப் புடைத்தது. நந்தகோபால் மூச்சைப் பிடித்து இன்னும் ஒரு அழுத்து அழுத்தினார்.

வெடித்த சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் பக்கத்து கம்பெனிக்குப் போய்விட்டன.

முடிந்தது, நாளைக்குக் காகிதம் திணிக்க வேண்டியதுதான் என்று பாய் நினைத்துக்கொண்டார். அப்போது நந்தகோபால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பாத்தீங்களா? டயரே மட்டமான டயரு. அதான் பாய் கடைசி வரைக்கும் பாஸ் பண்ணல!"

"அதான!" என்றார்கள் எல்லோரும்.

ரோஷினி மீட்டரைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. "இருக்கலாம்" என்றாள்.

பிழைத்த தெம்பில் பாய் டயரைக் கையிலெடுத்து, கிழிசலின் ஓரமாகக் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். உள்ளிருந்து ஒரு கம்பி நுனி பிதுங்கியிருந்தது. "நூல் வீக்கு" என்று தீர்ப்பு சொன்னார். பெல் அடித்தது.

மேசையில் தந்த நிறத் தோல் காத்திருந்தது. பாய் வயிற்றில் ஒரு அமுக்கு, முதுகில் ஒரு அமுக்கு அமுக்கினார். இன்றைக்கு யோகமான நாள் என்று தோன்றியது. "ஏ" என்றார்.

சுந்தரமூர்த்தியின் சாக்பீஸ் நின்றுவிட்டது.

"எழுது மூர்த்தி."

"பாய். விரலு."

தோலில் சிவப்பாக இரண்டு பொட்டு. பாய் கையைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் நன்றாக ஆழமாகக் கிழிந்து, ரத்தம் மணிக்கட்டு வரை இறங்கி, சட்டைக் கையிலும் ஏறியிருந்தது. "ஆ" என்று சொல்ல வேண்டிய நேரம் எப்போதோ போய்விட்டது. இருந்தாலும் சொல்லிவைத்தார்.

சுந்தரமூர்த்தி அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "எப்பத்திலேருந்து பாய்?"

"இப்பதான். டயர் கம்பி..."

"நான் ரத்தத்தைக் கேக்கல."

இத்தனை வருஷம் எதிரெதிரே நின்ற மனிதன். பொய் சொன்னால் மேசைக்குக்கூடத் தெரிந்துவிடும். "நோம்புக்கு முன்னாடிலேருந்து" என்றார். சொல்லும்போது வெட்கமாக இருந்தது. சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. "தோல் தூசி" என்று கண்ணைத் துடைத்தார்.

சுந்தரமூர்த்தி தன் கைக்குட்டையை இரண்டாகக் கிழித்து விரலை இறுக்கிக் கட்டினார். ரத்தம் பட்ட தோலைத் தடவிப் பார்த்தார். "நல்ல தோல் பாய். அநியாயமாப் போச்சு" என்று சொல்லி, யாரையும் கேட்காமல் கழிவு என்று எழுதிக் கீழே தள்ளினார்.

அடுத்த தோலை விரித்தார். விரிக்கிற சாக்கில் அவர் கட்டைவிரல் வயிற்றுப் பக்கம் ஒரு தடவை அழுந்தி எழுந்தது. உதடு அசையாமல், "வயிறு தொளதொளன்னு இருக்குது" என்றார்.

பாய் கட்டுப்போட்ட விரலைத் தோலின்மேல் வைத்தார். ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, "பி!" என்றார்.

சாயங்காலத்துக்குள் கழிவு பாதியாகக் குறைந்தது. "அடிபட்டதும் பாய் மனசு இளகிட்டாரு" என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள்.

புது டயர் வந்த அன்றைக்கு மறுபடியும் வேப்பமரத்தடியில் கூட்டம். பாய் இந்த முறை கூப்பிட்டதும் வந்தார். "மூர்த்தி, வந்து சக்கரத்தை ஆடாம புடி" என்றார். சுந்தரமூர்த்தி மண்டியிட்டு டயரைப் பிடித்தார். பாய் அமுக்கினார், நந்தகோபால் அடித்தார். சுந்தரமூர்த்தி நிமிர்ந்து பார்த்தார்.

"போதும்!" என்றார் பாய்.

முள் சிவப்புக் கோட்டின்மேல் நின்றிருந்தது. "பாத்தியாமா" என்றார் நந்தகோபால் ரோஷினியிடம், "உன் மீட்டரு கரெக்டாத்தான் வேலை செய்யுது."

கூட்டம் கலைந்தது. சுந்தரமூர்த்தி எழுந்து பேண்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டார். பாய் அந்தக் கட்டைவிரலைப் பார்த்தார். சாக்பீஸ் ஏறி நகக்கண்ணெல்லாம் வெளுத்திருந்தது. ஒரு ஆட்டுக்காகவோ மெத்தைக்காகவோ அதை யாரும் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. தானும் கூப்பிட்டதில்லை என்று நினைத்தபோது கஷ்டமாக இருந்தது.

"சாயங்காலம் பஜாருக்குப் போறேன். தர்ப்பூசணி எடுக்கணும். நீயும் வா" என்றார்.

"உங்களுக்கு ஆகாது பாய்."

"எனக்கு யாரு கேட்டா? நீ அமுக்கு, நீ சொல்லு, நீயே துண்ணு."