இலையைப் பார்க்கப் போகிறவன்

"இலையப் பாக்க மதராஸுக்குப் போகணுமா? ஜன்னலத் தொறந்தா தெரியிறது பூரா இலைதானே."

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். ஸவாஹிரா திரையின் இடுக்கு வழியே பார்த்தாள். பேசியது அவள் கணவரின் அண்ணன் மொஹிதீன். கணவர் இப்றாஹீம் நடு அறையில் கபன் என்ற சவத்துணிக்குள் கிடந்தார். விடியலில் சுபஹு தொழுகைக்கு எழுந்தவர் பாயிலேயே சரிந்துவிட்டார். பெரகலச் சந்தியில் தோட்டத்து ஆட்களுக்கு அரிசியும் கருவாடும் விற்ற அவருடைய கடை, வீட்டுக்கு முன்னால் பலகை போட்டுச் சாத்தியிருந்தது.

"இலையில வார நோயப் படிக்கத்தான் போறேன், பெரியாப்பா," என்றான் மகன் ஸமீம். "முன்ன இந்த மலையில கோப்பிய அழிச்சது ஒரு பூஞ்சைதான். நாளைக்குத் தேயிலைக்கும் வரலாம்."

"வந்தா தோட்டத்துத் தொரை பாத்துக்குவாரு. நீ கடையப் பாரு."

சென்னைச் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி மாணவர்களுக்குச் சில இடங்கள் திறந்திருந்தன. வெள்ளிக்கிழமை நேரில் போய் நிற்க வேண்டும். நாளைக் காலை அப்புத்தளையில் ரயில் ஏறினால்தான் தலைமன்னாரில் கப்பலைப் பிடிக்க முடியும்.

"மூணாம் நாள் கத்தம்கூட ஓதல்ல. ஊர் என்ன பேசும்? அடுத்த வருஷம் போகட்டும்," என்றார் மொஹிதீன்.

"அடுத்த வருஷமும் அந்த எடம் இருக்கும்னு நீங்க பொறுப்பு ஏத்துக்குவீங்களா, மச்சான்?"

ஸவாஹிராவின் குரல் கேட்டு முற்றத்தில் இருந்தவர்கள் திரைப்பக்கம் திரும்பினார்கள்.

"ஸவாஹிரா, ஒங்களுக்கு இத்தா தொடங்கிட்டு. நாலு மாசம் பத்து நாள் திரைக்குள்ள இருக்கணும். அந்நிய ஆம்பளைங்க காதுல கொரல் விழக்கூடாது."

"விழட்டும். இத்தன வருஷமா உள்ளேருந்து வெல சொன்னது இந்தக் கொரல்தான். இனியும் சொல்லும். வெளிய நிக்க கணபதி இருக்கான்."

"ஆமாங்க," என்றான் முற்றத்தில் நின்ற கடையாள் கணபதி. "அம்மா சொல்றதுதான் வெல. மொதலாளி தலைய ஆட்டுவாரு, அவ்வளவுதாங்க."

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டு, கபனுக்குள் கிடந்த மையித்தைப் பார்த்துத் தலை குனிந்தார்கள்.

மொஹிதீன் வாசலுக்குப் போய்க் கூட்டத்தைப் பார்த்து நின்றார். குளிப்பாட்டும்போது தம்பியின் இடுப்பு வாரிலிருந்து கழற்றிய சாவிக்கொத்து அவர் விரலில் தொங்கியது. "எல்லாரும் கேட்டுக்கங்க. நாளையிலேருந்து கடையில இருக்கப்போறது எங்க ஸமீம்."

ஜனாஸாவாகக் கிடப்பவர் முன்னால் சொன்ன சொல்லை இந்த ஊரில் யாரும் திருப்பி எடுப்பதில்லை. ஸமீம் திரையைத் திரும்பிப் பார்த்தான்.

"ஸமீம்," என்றாள் ஸவாஹிரா. "வாப்பாவத் தூக்குங்க, மகன். அடக்கிட்டு வந்து பெட்டியக் கட்டுங்க. சம்பல் அரைச்சுத் தாரேன், வழியில சோத்தோட சாப்பிடலாம்."

மையித்தை ஏற்றிய சந்தூக்கு உயர்ந்தது. கலிமா ஓதும் குரல்கள் எழுந்தன. முன்பக்கத்துக் கம்பு ஸமீமின் தோளில் ஏறியது. மொஹிதீன் பின்னால் நடக்கத் திரும்பினார்.

திரை விலகாமல் ஒரு கை மட்டும் வெளியே வந்தது. காலையில் கழற்றிய காப்பின் தடம் மணிக்கட்டில் வெளுத்திருந்தது. ஆண்கள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். உள்ளங்கை விரிந்தபடியே நின்றது.

"கடைச் சாவியத் தாங்க, மச்சான்."