குண்டக்கா சோப் கைமாறியது

குண்டக்கா என்பது நான் வைத்த பெயர். பள்ளிக்கூட வயதில் அக்காவை அழவைப்பதற்காக வைத்தது, ஒட்டிக்கொண்டது. தெருவே அவளை அப்படித்தான் கூப்பிட்டது, நானும்தான். பின்னாளில் அவள் துணி சோப் காய்ச்சி விற்க ஆரம்பித்தபோது, அந்தப் பெயரையும் உப்பின கன்னத்தோடு அவள் சிரிக்கிற படத்தையும் சேர்த்து டிரேட்மார்க்காகப் பதிந்தேன். அலைந்தவன் நான் என்பதால் என் பெயரிலேயே பதிந்தேன். காய்ச்சுகிறவள் யாரென்று அந்த ஆபீசில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் வலியப் போய்ச் சொல்லவில்லை.

இப்போது ஒரு பெரிய கம்பெனி அந்த டிரேட்மார்க்கை விலைக்குக் கேட்டது. அவர்களுடைய மேனேஜர் என்னை "நிறுவனர் ஐயா" என்றார். அவ்வளவுதான், எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்றுவிட்டேன். படத்தில் இருப்பது அவள் முகம், அதனால் அவள் சம்மதமும் எழுத்தில் வேண்டும் என்றார் வக்கீல். இல்லாவிட்டால் அவளை அவர் ஆபீசுக்குக் கூட்டியே வந்திருக்க மாட்டேன். அப்பேர்ப்பட்ட உத்தமன் நான்.

"உன் முகம் ஊரெல்லாம் போகப்போகுது, குண்டக்கா" என்று மட்டும் சொல்லி அழைத்தேன். தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு வந்தாள்.

வக்கீல் நிறுத்தி நிறுத்திப் படித்தார். பெயர், படம், அவற்றின் மீதான சகல உரிமையும் கம்பெனிக்கு. பழைய உரிமையாளரோ அவர் குடும்பத்தாரோ இனி அந்தப் பெயரில் சோப் விற்கக் கூடாது.

அக்கா நிமிர்ந்தாள். "அப்ப நான் காய்ச்சுறதை என்ன பேர்ல விக்கிறது?"

"வேற பேர் வச்சுக்கலாம்மா."

"வேற பேர்ல யாரு சார் வாங்குவா?"

வக்கீல் என்னைப் பார்த்தார். அக்காவும் என்னைத்தான் பார்த்தாள். வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் அங்கேயே நின்றுபோகும். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் இந்த வாய் என்ன சொன்னது தெரியுமா?

"வாக்கு குடுத்துட்டேன்."

"என்னைக் கேக்காமயா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பேனா மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது. வெளியாள் முன்னால் தம்பி பொய்யனாகக் கூடாது என்று கையெழுத்துப் போட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வெளியே வந்து படி இறங்கும்போது அவளுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. பாதியில் நின்றாள். பழக்கதோஷத்தில், "மெதுவா, குண்டக்கா" என்று கையை நீட்டினேன்.

"அதைத்தான் வித்துட்டியேடா" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "இனிமே வெறுமனே அக்கான்னு கூப்பிடு."

கூப்பிட வாயெடுத்தேன். அப்படிக் கூப்பிட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நாக்கு எழவில்லை. அவள் கொஞ்சம் பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகவே இறங்கினாள்.