துச்சாதனன் விழுந்த இடம்

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு டிவியில் நான் கீழே விழுந்தபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் இருபது பேராவது உட்கார்ந்திருந்தார்கள். பங்காளிகள், எதிர் வீட்டார், கோயில் கமிட்டி ஆட்கள். என் மனைவி பவ்யா எல்லாருக்கும் கேசரி கிண்டி வைத்திருந்தாள். முதலில் சிரித்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தால் அவனைச் சும்மா விடமாட்டேன்.

வாரத்தில் ஆறு நாள் நான் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். வருஷத்தில் ஒரு நாள் துச்சாதனன். நகரிப் பக்கத்தில் எங்கள் ஊர். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக்கூத்து நடக்கும். பன்னிரண்டு வருஷமாக அதில் அம்மன் சேலையைப் பிடித்து இழுப்பது நான்தான். இந்த யோகேஷுக்கு மூக்குக்கு மேல் கோபம், வேஷம் தனியாகக் கட்டவே வேண்டாம் என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். திரௌபதியாக நிற்பது சம்பத், என் பெரியப்பா மகன், என்னைவிட மூன்று வயது மூத்தவன். புத்தூர் டிப்போவில் கண்டக்டர்.

சேலையைத் தொடுவதற்கு முன்னால் ஒரு முறை இருக்கிறது. திரௌபதி கூந்தலை அவிழ்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். துச்சாதனன் தட்டில் சூடம் ஏற்றி வைத்து அவள் காலில் விழுவான். 'தாயே, வேஷத்துக்காகத் தொடறேன், பொறுத்துக்கோ' என்பான். சூடம் தானாக எரிந்து அணைந்த பிறகுதான் சேலையில் கை வைப்பான். இழுத்து முடித்ததும் மயங்கி விழுவான். மஞ்சள் தண்ணீர் தெளித்து, விபூதி பூசி எழுப்புவார்கள். வேஷக்காரர்களுக்குக் கையில் காப்புக் கட்டுகிற நாளன்றே, வேஷம் இல்லாமல், சூடம் ஏற்றி மன்னிப்புக் கேட்கிற இந்தப் பகுதியை மட்டும் ஒரு தடவை செய்து காட்டுவோம். அந்தச் சூடம் இல்லாமல் தொட்டால் அது கூத்து இல்லை, பொறுக்கித்தனம்.

திருப்பதியில் செட்டுப் போட்டு எடுக்கிற ஒரு தெலுங்கு டான்ஸ் போட்டியில் 'கிராமக் கலை வாரம்' என்று எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். பத்து நிமிஷம் ஆடியதை மூன்று நிமிஷமாக வெட்டிப் போட்டார்கள். சம்பத் கை இரண்டையும் தூக்கிக் கிருஷ்ணனைக் கூப்பிடுகிற இடத்தில் குத்துப்பாட்டு. நான் இழுக்க இழுக்க விசில். நடுவர் நாற்காலியில் இருந்த நடிகை முகத்தைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கில் பார்ப்பதை நான்கு தடவை காட்டினார்கள். மீசை மழித்த சம்பத்தின் முகத்தைக் கிட்டத்தில் காட்டி, சுற்றிலும் சிவப்பு இதயங்களைப் பறக்கவிட்டார்கள். கடைசியில் நான் விழுந்தேன். அப்போது பாட்டிலில் இருந்து ஊற்றுகிற சத்தம். திரையில் தெலுங்கில் கொட்டை எழுத்தில், ஃபுல் அடித்து மட்டையானார் துச்சாதனன் என்று வந்தது.

அன்று சாயங்காலமே முனிரத்தினம் வந்தார். கோயில் தர்மகர்த்தா அவர். எனக்கு மாமா முறை. உட்காரச் சொன்னதற்கு வேண்டாம் என்றார்.

"யோகேசு, நீ குடிக்கறவன் இல்லன்னு எனக்குத் தெரியும். வெளியூரு ஜனத்துக்குத் தெரியுமா? குடுபல்லில இருந்து என் சம்பந்தி போன் பண்றாரு. 'உங்க ஊர்ல சரக்கு போட்டுக்கினுதான் அம்மன் பொடவைய இஸ்துகினு வெளையாடறாங்களா'ன்னு கேக்கறாரு. நா இன்னா பதில் சொல்றது?"

"மாமா, அவனுங்க வெட்டிட்டானுங்க. சூடம் ஏத்தினேன், கால்ல வுழுந்தேன், எல்லாம் மொறையாதான் செஞ்சேன். ஒண்ணியும் காட்டல."

வாசற்படியில் நின்றிருந்த சம்பத் எனக்காகப் பேசினான். "நா கண்ண மூடிக்கினு இருந்தேன் மாமா. ஆனா 'பொறுத்துக்கோ'ன்னு இவன் சொன்னது காதுல வுழுந்தது. ஏத்தாம அத சொல்ல மாட்டான்."

முனிரத்தினம் கொஞ்சம் யோசித்தார். "அப்ப வெட்டாதத வாங்கினு வாங்க. வெள்ளிக்கெழம காலைல கோயிலாண்ட டிவி வெக்கறேன். ஜனம் முழுசா பாக்கட்டும். பாத்தப்பறம் உனக்குக் காப்புக் கட்டறேன். இல்லன்னா இந்த வருஷம் கூத்துல புதுசா சேந்த பையன் பரணி இழுக்கட்டும்."

அவர் போன பிறகும் நான் அசையாமல் நின்றேன். ஏனென்றால் அன்றைக்கு நான் சூடம் ஏற்றவில்லை.

தனியாகத் திருப்பதிக்குப் போய், அழித்துவிட்டார்களாம் என்று சொல்லிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று திட்டம் போட்டேன். புதன்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் சம்பத் எனக்கு முன்னால் வந்து நின்றான். லீவு போட்டிருந்தான். "உன்ன தனியா வுட்டா யாரையாவது அடிச்சிட்டு வந்துடுவ" என்றான். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் எனக்குக் கொடுத்தான். வழியெல்லாம் அந்தச் சேனல்காரர்களைத் திட்டிக்கொண்டு வந்தான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ரேணிகுண்டா ரோட்டில் ஒரு மாடியில் அவர்கள் ஆபீஸ். நிகழ்ச்சியைப் பார்த்துக்கொள்கிற ஸ்வர்ணலதா என்ற அம்மாள் எங்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். நான் குடிக்கவில்லை.

"எங்க அம்மன இன்னானு நெனச்சிகினு கீறீங்க?" என்று எடுத்த எடுப்பில் கத்தினேன். உள்ளே பயம் இருந்தால் எனக்குக் குரல் தானாக உயரும்.

"கோவப்படாதீங்க அண்ணா. நானும் சித்தூருதான். எங்க ஊர்லயும் பாரதம் ஆடுவாங்க. அத அப்படியே போட்டா யாரு பாக்கறாங்க? சேனல மாத்திட்டுப் போயிடுவாங்க. நீங்க வுழுந்தது ரொம்ப நல்லா வந்திருந்தது. அதான் கொஞ்சம் காமெடி சேர்த்தோம்."

"குடிக்காதவன குடிகாரன்னு போடறது காமெடியா?"

"எல்லா ஷோலயும் அப்படித்தான் போடறாங்க. யாரும் இவ்ளோ தூரம் வந்து கேட்டதில்ல." அவள் பொய் சொல்லவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சித்தூர்க்காரி, கூத்துப் பார்த்து வளர்ந்தவள், அவளுக்கே அது உறைக்கவில்லை.

"வெட்டாதது வேணும்மா" என்றான் சம்பத்.

"அவ்ளோதானே? கிரண், அன்னிக்கு எடுத்தது முழுசும் போட்டுக் காட்டு."

அவர்கள் மாட்டோம் என்று சொல்ல வேண்டும் என்று நான் ஏழுமலையானுக்கே வேண்டுதல் வைத்திருந்தேன். கிரண்குமார் என்ற எடிட்டர் இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தும் எனக்கு முதுகு நனைந்தது.

திரையில் சம்பத் கூந்தலை அவிழ்த்துவிட்டுக் கண்ணை மூடினான். நான் சூடத் தட்டோடு வந்தேன். செட்டு ஆள் ஒருவர் குறுக்கே ஓடிவந்து, சுற்றிலும் தொங்குகிற துணியைக் காட்டினார். தட்டை வாங்கிக்கொண்டு பேட்டரியில் எரிகிற பிளாஸ்டிக் விளக்கு ஒன்றைக் கையில் கொடுத்தார். நான் அதைப் பார்த்தேன். சம்பத்தைப் பார்த்தேன். தோளைக் குலுக்கிக்கொண்டு அதை அவன் காலடியில் வைத்து, 'தாயே, பொறுத்துக்கோ' என்றேன். புகை மெஷின் நாற்றத்தில் சூட வாசனை வராதது அவனுக்குத் தெரிந்திருக்காது.

அதுகூடப் பரவாயில்லை. தரையில் சிவப்பு டேப்பால் ஒரு பெருக்கல் குறி ஒட்டியிருந்தது. கேமரா அந்த இடத்துக்குத்தான் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. சேலையை இழுத்துக்கொண்டே நான் பின்னால் நகர்ந்தேன். தலையைத் திருப்பிக் குறி எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். கால் கட்டைவிரலால் டேப்பை ஒரு தடவை தடவினேன். அப்புறம் கண்ணைச் செருகி, உடம்பை உதறி, சரியாக அதன் மேல் விழுந்தேன்.

பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை தடவை நினைவு தப்பி விழுந்தேன், எத்தனை தடவை வெறும் களைப்பில் விழுந்தேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் ஊரில் ஒரு தடவைகூட இடம் பார்த்து விழுந்ததில்லை.

"இன்னொரு தபா போடுங்க" என்றான் சம்பத். கிரண்குமார் போட்டார். சம்பத் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு என் கால் விரலையே பார்த்தான்.

"ண்ணா, நெருப்பு கூடாதுன்னுட்டாங்க. அவ்ளோ லைட்டு, அவ்ளோ பேரு, நேரமாவுது நேரமாவுதுன்னு கத்தறாங்க. நா இன்னா பண்ணுவேன்?"

"என்னக் கூப்ட்டு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். பொடவ என் ஒடம்புலதான இருந்தது?"

 கிரண்குமார்தான் இரக்கப்பட்டுப் பேசினார். அவருக்குத் தமிழ் பாதி, தெலுங்கு பாதி. "இதுக்கா அண்ணா இவ்ளோ கஷ்டம்? சூடம் ஏத்தற கை ஒண்ணு நம்ம கிட்ட உந்தி. வேற கோயில் புரோகிராமுக்கு எடுத்தது. நடுவுல ஒட்டிடறேன். பேட்டரி வெளக்கு, டேப்பு ரெண்டும் தீசேஸ்தா, எடுத்துடறேன். பத்து நிமிஷம், பர்வாலேது."

என்னைக் குடிகாரனாக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ, பக்தனாக்கவும் அவ்வளவு நேரம்தான். சம்பத் எழுந்து வெளியே போனான். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர் ஒட்டிக் கொடுத்த பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்கினேன்.

திரும்பும் பஸ் புத்தூரைத் தாண்டியது. இப்போது ஜன்னல் பக்கம் அவன் உட்கார்ந்திருந்தான்.

"நா ஊர்ல ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றான், வெளியே பார்த்தபடி. "உனக்கே காப்புக் கட்டட்டும். ஆனா இந்த வருஷம் நீ பொடவைய தொடும்போது நா கண்ண தொறந்துகினுதான் நிப்பேன்."

அவன் என்னை ஓங்கி அறைந்திருந்தால்கூட தாங்கியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலை கோயில் முன்னால் பந்தலில் மேஜை போட்டு டிவி வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே தாம்பாளத்தில் காப்புக் கயிறு, மஞ்சள், வெற்றிலை. ஊரே வந்திருந்தது. எட்டு மணிக்கு முனிரத்தினம் பென்டிரைவைச் சொருகினார்.

திரையில் சம்பத் கண்ணை மூடினான். நான் தட்டோடு வந்தேன். அடுத்து ஒரு கை திரை முழுக்க வந்தது. தட்டில் சூடம் பற்றிக்கொண்டு, சுடர் ஆடியது. கிரண்குமார் வேலைக்காரர்தான், ஒட்டியது தெரியவே இல்லை. முன் வரிசைப் பெண்கள் குலவை போட்டார்கள். ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். முனிரத்தினம் செருப்பைக் கழற்றிவிட்டு, டிவிக்குக் கிட்டே போய் இரண்டு கையையும் அந்த வெளிச்சத்தில் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

போன வருஷம் கம்பெனியில் பெட்டிக்கும் இரும்புத் தூணுக்கும் நடுவில் மாட்டி, என் வலது கைக் கட்டைவிரலில் நகம் போய்விட்டது. திரையில் இருந்த கட்டைவிரலில் நகம் இருந்தது. சுத்தமாக வெட்டிய, வெள்ளை நகம். ஜனம் சுடரைத்தான் பார்த்தது. ஆனால் அந்த விரலுக்கு மூன்று மாசம் கட்டுப் போட்டவள் பவ்யா. அவள் திரையைப் பார்த்தாள். திரும்பி என் கையைப் பார்த்தாள். ஒரு நொடி அவள் முகம் வெளுத்தது. உடனே பக்கத்தில் இருந்தவளிடம், "பாத்தியாக்கா, ஏத்திகீறாரு பாரு! வாய் கூசாம குடிகாரன்னானுங்களே!" என்று சத்தமாகச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

எனக்காக அவளும் பொய் சொல்லிவிட்டாள். அதுவும் அம்மன் வாசலில். தூண் ஓரத்தில் நின்ற சம்பத் டிவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

"மாமா, நிறுத்துங்க. அது என் கை இல்ல."

முனிரத்தினத்துக்குப் புரியவில்லை. நான் எழுந்து போய்க் கட்டைவிரலை நீட்டிக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். பேட்டரி விளக்கு, சிவப்பு டேப்பு, திருப்பதி மாடியில் ஒட்டியது. "நா குடிக்கல. அது அவனுங்க பொய். சூடம் ஏத்தல, எடம் பாத்து வுழுந்தேன். அது என் பொய்" என்று முடித்தேன்.

 பவ்யா தலையைக் குனிந்துகொண்டாள். முனிரத்தினம் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தார்.

"இத்தினி பேரு கன்னத்துல போட்டுக்கினோமேடா" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

டிவியை அணைத்தார்கள். முனிரத்தினம் காப்புக் கட்ட ஆரம்பித்தார். முதலில் சம்பத், அப்புறம் தர்மர், பீமன் என்று வரிசையாகக் கட்டிக்கொண்டு வந்தார். என் முன்னால் வந்ததும் நிற்காமல் என்னைத் தாண்டிப் போய்ப் பரணியின் கையைப் பிடித்தார். நான் எதிர்பார்த்ததுதான். இருந்தும் கண்ணில் தண்ணீர் வந்தது, மறைக்கவில்லை.

பிறகு வழக்கப்படி சம்பத் சேலையைத் தோளில் போர்த்திக்கொண்டு கோயில் வாசலில் நின்றான். பரணி தட்டில் நிஜச் சூடத்தை ஏற்றினான். அதைக் கீழே வைத்து, காலில் விழுந்து, "தாயே, பொறுத்துக்கோ" என்றான். பாவம், அவன் எந்தத் தப்பும் செய்யாதவன். எல்லாரும் சம்பத் கண்ணை மூடுவதற்காகக் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன்.

சூடம் எரிந்து அணையும்வரை சம்பத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணை மூடவே இல்லை.